ஓக்கானலின் வலக்கை

1841 நவம்பரில் டப்ளின் நகரத்துக்குப் புது மேயர் வந்தார். அறுபத்தாறு வயது வழக்கறிஞர் டேனியல் ஓக்கானல். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துக்குப் பின் ஒரு கத்தோலிக்கர் அந்த நாற்காலியில் அமர நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. ஊரே திரண்டு கொண்டாடியது.

அதே மாநகராட்சியை 1815-ல் 'பிச்சைக்கார மாநகராட்சி' என்று இகழ்ந்தவரும் அவர்தான். உறுப்பினர் ஜான் டெஸ்டெருக்கு ரோஷம் வந்தது. துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். பிப்ரவரிக் குளிரில், கில்டேர் மாவட்டத்து பிஷப்ஸ் கோர்ட்டில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். டெஸ்டெரின் குண்டு எட்டாமல் தரையில் விழுந்தது. ஓக்கானல் சுட்டது இடுப்பில் பாய்ந்தது. இரண்டு நாளில் உயிர் போயிற்று.

சட்டம் அவர்மேல் கை வைக்கவில்லை. கொலைப்பழி சுமந்த எத்தனையோ ஏழைகளுக்காக வாதாடி மீட்ட நா அவருடையது. தன் வழக்கை மட்டும் அவர் யாரிடமும் வாதாடவில்லை. நற்கருணை வாங்கப் போகும்போதெல்லாம் சுட்ட அந்த வலக்கையில் கறுப்புக் கையுறை அணிந்துகொள்வார் என்பார்கள். மன்னிப்புக் கிடைத்துவிட்டதா என்று தேடி அலைவது ஒன்று. மன்னிப்புக்கு முன்னால் கூசி நிற்பது வேறு. இரண்டாவதில்தான் மனம் மெல்ல அடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் வருமானத்தில் பாதி உங்களுக்கு என்று டெஸ்டெரின் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். மகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஏற்றுக்கொண்டார். 1847-ல் ரோமுக்கு யாத்திரை போகும் வழியில் ஜெனோவாவில் ஓக்கானல் இறக்கும்வரை அது தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கடனில் மூழ்கித் தவித்த மனிதர் அவர் என்பதையும் சேர்த்தே இதை எண்ண வேண்டும்.

ஒரே நாளில் திருந்தியவர் என்றும் சொல்வதற்கில்லை. அதே 1815-ல் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த ராபர்ட் பீலுடன் மோத ஒப்புக்கொண்டார். அதிகாரிகள் குறுக்கிட்டதால் அது நடக்கவில்லை. இனிச் சண்டைக்குப் போவதில்லை என்ற சபதம் அதற்குப் பிறகே அவருள் வேர்பிடித்தது.

1843 அக்டோபரில், பிரிட்டனுடனான ஒன்றியத்தை நீக்கக் கோரி, குளோன்டார்ஃபில் பெருங்கூட்டத்துக்கு அழைத்திருந்தார். முதல் நாள் அரசு தடை விதித்தது. படையும் வந்து நின்றது. சொல்லியிருந்தால் மக்கள் முன்னேறியிருப்பார்கள். அவரோ ஆளனுப்பி எல்லோரையும் வழியிலேயே திருப்பிவிட்டார். பயந்துவிட்டார் என்று இளைய தேசியவாதிகள் பின்னாளில் ஏசினார்கள். அவர்களில் பலர் பிறந்ததே அந்த 1815-ஐ ஒட்டித்தான்.