ஊழும் அநீதியும்: வீட்டுத்தோட்டம் எழுப்பும் ஒரு வினா

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீட்டுத்தோட்டம் என்பது பெரும்பாலும் கிணற்றடியிலே தொடங்குகின்றது. குளித்த நீர் ஓடும் வாய்க்காலோரத்தில் வாழையும், அதற்கப்பால் கத்தரி, மிளகாய், வெண்டிப் பாத்திகளும், வேலியிலே பாகற்கொடியும், முற்றத்திலே செவ்வரத்தையும் மல்லிகையும் நந்தியாவட்டையும் அமைந்திருக்கும். இத்தோட்டத்தை வைத்திருப்பவர் ஒரு நம்பிக்கையின் மீதே விதையை ஊன்றுகின்றார். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். தை பிறந்தபின் வானம் வெளிக்கும். பங்குனி, சித்திரையில் வெயில் எரிக்கும் என்பதே அந்நம்பிக்கை. பருவம் தவறும்பொழுது அது முறிகின்றது. அம்முறிவுக்கு எவரேனும் பொறுப்பாளரா, அன்றி அது வெறும் ஊழ்தானா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

பருவம் தவறுதல் செடியை எவ்வாறு தாக்குகின்றது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். மண்ணின் துளைகளிலே காற்றும் நீரும் கலந்திருக்கும்வரையே வேர் சுவாசிக்க இயலும். வெள்ளம் நாட்கணக்காகத் தேங்கி நின்றால் ஒட்சிசன் அற்று வேர் அழுகும். நீரின் நடுவே நின்றவாறே மிளகாய்ச் செடி வாடும். கடும் வெப்பத்திலோ மகரந்தம் வலுவிழக்கத் தக்காளியும் மிளகாயும் காய் பிடிக்காது பூவை உதிர்க்கும். தை மாதத்தில் காலந்தப்பிப் பெய்யும் மழை மாம்பூவைக் கருக்கும், முருங்கைப்பூவைக் கொட்டும். இவை கற்பனைகள் அல்ல. 2008 நவெம்பரில் நிஷா புயலும், 2020 டிசெம்பரில் புரேவிப் புயலும் வடபகுதியைப் பெருமழையில் ஆழ்த்தின. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நாடு கடும் வரட்சியைக் கண்டது. 2022 டிசெம்பரில் வழமைக்கு மாறான குளிரினால் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான கால்நடைகள் மாண்டன.

இவ்வினாவுக்குத் தமிழ் மரபு முதலில் தரும் விடை ஊழ் என்பதாகும். திருக்குறளின் இரண்டாம் அதிகாரமே வான்சிறப்பு. ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய அந்நூல், 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கு ஒதுக்கியுள்ளமையும் மனங்கொள்ளத்தக்கது. முயற்சி மனிதனுடையது, விளைவு முற்றாக அவனுடையது அன்று என்னும் இக்கருத்தில் ஆழ்ந்த ஆறுதல் உண்டு. பயன் கிட்டாவிடினும் நல்லெண்ணம் தன் மதிப்பை இழப்பதில்லை என 1785இல் இம்மானுவேல் கான்ட் வற்புறுத்தியதும் இதற்கு அயலான சிந்தனையே. வெள்ளத்தில் தோட்டத்தை இழந்தவரை நோக்கி அவருடைய உழைப்பு இழிந்ததன்று எனக் கூற இவ்விடை துணைசெய்கின்றது.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. பயிர் பொய்த்தமைக்குப் பயிரிட்டவரே காரணர் என்பது. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபொழுது, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை பெறுவதற்கு அமைச்சரவை இணங்கியது. தன் உணவைத் தானே விளைவித்தல் போற்றத்தக்கதே. எனினும் அது கடமையாக அறிவிக்கப்படும்பொழுது, விளைவிக்க இயலாமை குற்றமாகிவிடுகின்றது. கிணறு உவரானவரும், நிலம் தாழ்ந்தவரும், இரவல் காணியில் இருப்பவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். மழை எல்லோர்மீதும் ஒன்றாகப் பெய்யலாம்; ஆனால் இழப்பு ஒன்றாகப் பகிரப்படுவதில்லை.

இங்கேதான் மூன்றாவது விடை எழுகின்றது. 1755இல் லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தபொழுது வோல்தேர் இயற்கையையும் இறைநீதியையும் நோக்கி முறையிட்டார். ரூசோவோ, மறு ஆண்டு அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்பதைச் சுட்டிக்காட்டினார். துரதிட்டம் எது, அநீதி எது எனப் பிரிக்கும் கோடு தானாக அமைவதன்று; அதனை வரைவதிலும் அதிகாரம் கலந்துள்ளது என்பதை யூடித் சிக்லார் 1990இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

லிஸ்பனுக்குப் போகாமலே இவ்வுண்மையை ஒரு வேலியருகில் நின்று காணலாம். கிளுவையும் பூவரசும் நட்ட பழைய வேலி, மாரி வெள்ளத்துக்கு வழிவிட்டது. அதனை அகற்றித் தம் வளவுக்கு மண்ணிட்டு உயர்த்தி, சீமெந்து மதில் எழுப்பும் ஒருவர், தம் தோட்டத்தைக் காத்துக்கொள்கின்றார். அதே செயலால் அயலவரின் பாத்திகளைக் குளமாக்குகின்றார். மழையைப் பெய்வித்தவர் அவரல்லர். ஆயினும் அந்நீர் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவரே. ஒழுங்கையின் வாய்க்காலையும் ஊரின் குட்டையையும் தூர்த்தோருக்கும் இது பொருந்தும்.

கோடையிலும் நிலை வேறன்று. வற்றாத நதி ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் ஓரடி தாழுமிடத்து, கோட்பாட்டளவில், அடியிலிருக்கும் உவர்நீர் எல்லை ஏறக்குறைய நாற்பதடி உயரக்கூடும். துலாவால் இறைத்தவரைக் களைப்பே நிறுத்தியது; நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. வரட்சியில் ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைக்க, அடுத்த வளவின் கிணறு உவராகலாம். வேலி நிலத்தைப் பிரிக்கும், நீரைப் பிரிப்பதில்லை. ஆகவே கிணறு தனியுடைமை என்னும் வாதம் நீரளவில் நிலைபெறாது.

அவ்வாறாயின் வரட்சிக் காலத்தில் மல்லிகைக்கு நீர் வார்ப்பது தவறா? கத்தரி பசி தீர்க்கும், மலர் தீர்க்காது என்று விடைகூறுதல் எளிது. ஆனால் மனிதன் வயிற்றினால் மட்டும் வாழ்பவனல்லன். சுவாமி படத்துக்கு வைக்கும் ஒரு பூவும் வாழ்வின் தேவையாகலாம். செடியின் இனத்தைக்கொண்டு இதனைத் தீர்மானித்தல் பொருந்தாது. யாருடைய பங்கிலிருந்து அந்நீர் எடுக்கப்படுகின்றது என்பதே உரைகல். முகங்கழுவிய நீரில் வளரும் மல்லிகை குற்றமற்றது. அயலவரின் குடிநீரை உவராக்கி விளையும் கத்தரி குற்றமுடையது.

இவ்வேலியின் நியாயமே உலகளாவிய நிலைக்கும் பொருந்தும். மனிதச் செயல்களே வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியுள்ளன என்பது ஐயத்துக்கிடமற்றது என, காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் அறிவித்தது. வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடும்பொழுது வளி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியை ஏற்கவல்லது. ஆதலால் பெருமழை மேலும் பெருமழையாகின்றது. தொலைவிலுள்ள செல்வ நாடுகள் மண்ணிட்டுத் தம் வளவை உயர்த்திக்கொண்டன. வெள்ளம் தாழ்ந்த வளவில் நிற்கின்றது.

ஒவ்வொருவரின் பங்கும் அற்பமானது, தீங்கு செய்யும் எண்ணமும் எவருக்கும் இருந்ததில்லை, ஆகவே குற்றவாளி எவருமில்லை என ஒருவர் தடை கூறலாம். இத்தடை குற்றத்தையும் பொறுப்பையும் ஒன்றாகக் கருதுவதால் எழுவது. அறியாது செய்தவர் குற்றவாளி ஆகாதிருக்கலாம். அறிந்தபின்பும் அதே மதிலை அவ்வாறே விட்டுவைப்பவர் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. தனித்தொரு புயலுக்கு இன்னாரே காரணர் எனச் சுட்டுதல் அரிதாயினும், மதிலில் நீர்போக ஒரு வழி திறத்தல் அரிதன்று.

ஊழ் என்னும் சொல் இழந்தவர் வாயில் ஆறுதல். இழப்பித்தவர் வாயில் அதுவே தப்பும் வழி. ஒரே சொல், கூறுபவரைப் பொறுத்து அறமாகவும் அறமின்மையாகவும் மாறுகின்றது. எனவே வானத்தை நோக்கிப் பணிவும், வேலியை நோக்கி விசாரணையும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. வெள்ளம் வடிந்தபின் தோட்டக்காரர் மீண்டும் பாத்தி கட்டுவார். பானையில் எஞ்சிய விதையை எடுப்பார். அவ்விதையில் ஒரு பிடியை அயலவருக்குக் கொடுப்பது நற்பண்பு. அயலவரின் விதையும் முளைக்குமாறு நீரை விடுவதோ நீதி. முன்னையது பின்னையதற்கு ஈடாகாது.