முன்வந்தோரும் பின்வருவோரும்: தொடர்மாடித் திட்டங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

வீடு என்பது சுவரும் கூரையும் மாத்திரமன்று. கிணற்றடியில் விழும் வெயிலும், வேலிக்கு அப்பாலிருந்து கேட்கும் குரலும், மாலையில் ஒழுங்கையிலே எழும் பிள்ளைகளின் ஆரவாரமும் அதனுள் அடங்கும். எனவே, நெடுங்காலம் நிலைபெற்ற ஒரு குடியிருப்பின் அருகே பல மாடிகளைக் கொண்ட தொடர்மாடி வீடுகள் எழுப்பப்படவுள்ளன என்ற செய்தி வருமிடத்து, அங்கு வாழ்வோர் கலக்கமுறுவது இயல்பே. ஆயின் அக்கலக்கம் எவ்வளவு தூரம் நியாயமானது? முன்வந்து குடியேறியவர் பின்வருவோரைத் தடுக்கும் உரிமை உடையவரா? வரைபடங்களைப் பரிசீலிக்கும் பொறியியலாளரால் மாத்திரம் விடையளிக்கக்கூடிய வினாவன்று இது. அறவியலும் விடையளிக்க வேண்டிய வினாவாகும்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதி இவ்வினாவை ஆராய்தற்குப் பொருத்தமான களமாகும். நகரின் பழைய பகுதி, உட்துறைமுகத்துக்கும் கிழக்கே விரியும் குடாக்களுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்துள்ளது. அதனை அண்டிய நிலத்திலும் கணிசமான பங்கு கடற்படைத் தளத்துக்கும் பிரெடெறிக் கோட்டைக்கும் உரியது. அகலத்தில் வளர இடமில்லாத நகர் உயரத்தில் வளர முற்படுவதில் வியப்பில்லை. கோணேசர் ஆலயத்தைச் சார்ந்த தொன்மையான குடிகள் ஒருபுறமிருக்க, நகரவாசிகளுள் பலர் துறைமுகத்தை நாடி வந்தோரின் வழித்தோன்றல்களாவர். பிரித்தானியரின் கடற்படைத் தளம் 1957 ஆம் ஆண்டில் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை, அத்தளமே பலருக்குப் பிழைப்பளித்தது. இன்று பழைய அயல் எனப் போற்றப்படுவதும் ஒருகாலத்திற் புதிய குடியிருப்பாகவே இருந்தது. ஆகவே, முந்தி வந்தமை என்ற ஒரு காரணமே பிந்தி வருவோரைத் தடுக்கும் உரிமையைத் தந்துவிடாது.

அவ்வாறாயின் அயலவரின் ஆட்சேபங்கள் அனைத்தும் தன்னலத்தின் வெளிப்பாடுகள்தாமா? அன்று. அவற்றை இருவகைப்படுத்தி நோக்குதல் வேண்டும். ஒருவகை ஆட்சேபம் தீங்கினைச் சுட்டுவது. கடலை அண்டிய மணற்பாங்கான நிலத்தில், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே தங்கியிருக்கும். நூறு குடும்பங்களுக்கென ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டு அளவின்றி நீர் இறைக்கப்பட்டால் அயற்கிணறுகள் உவர்ப்படையலாம். மலக்குழிகள் நெருக்கமாக அமைந்தால் நீர் மாசுறலாம். வடிகால் அடைபட்டால் வடகீழ்ப் பருவமழை வெள்ளம் தாழ்ந்த வளவுகளுக்குள் புகும். இவை அளந்தறியக்கூடியவை, பரிகாரம் காணக்கூடியவை. மற்றொரு வகை ஆட்சேபமோ, வரப்போகும் கட்டடத்தைப் பற்றியதன்று. வரப்போகும் மனிதரைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறிய எளியதோர் உரைகல் உண்டு. அம்மாடிகளில் குடியேறவிருப்போர் தம் உறவினரேயாயினும் இவ்வாட்சேபம் நிலைக்குமா என ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதே அது. நிலைக்குமாயின் அது தீங்கு பற்றியது. நிலைக்காதாயின் அது வெறுப்புப் பற்றியது.

எனினும், திருகோணமலையில் இவ்வுரைகல் மாத்திரம் போதாது. சுதந்திரத்தின் பின்னர் கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்கள் இம்மாவட்டத்தின் குடித்தொகை அமைப்பைப் பெரிதும் மாற்றின. 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராகக் காணப்பட்டனர். இத்தகைய வரலாற்றைக் கொண்ட இடத்தில், வருவோர் யாவர் என்ற வினாவை வெறுப்பெனத் தள்ளிவிடுதல் நீதியன்று. அவ்வச்சத்தின் வேர், வரும் ஏழைக் குடும்பத்தின்மீதுள்ள பகையன்று. வீடுகளைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரத்தின்மீதுள்ள ஐயமே. ஆகவே பரிகாரமும் வருவோரைத் தடுப்பதிலன்று, பகிர்ந்தளிக்கும் முறையை யாவரும் அறியச் செய்வதிலேயே உள்ளது.

பரிசீலனைக் கூட்டத்துக்கு வராதோரின் உரிமை இதனினும் முக்கியமானது. அயலவர் கூடிப் பேசுவர், மனு எழுதுவர். நாளை அங்கு வாழவிருப்போர் யாவரென இன்று எவரும் அறியார். அவர்களுக்காகக் குரல்கொடுப்பாரும் இலர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் வீடமைத்தல் தடுக்கப்பட்டது; தெற்கிலும் மேற்கிலும் அத்தூரம் 100 மீற்றர். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், இடைக்காலத்தில் கரையோரக் குடும்பங்கள் வேறெங்கோ நிலம் தேடவேண்டியதாயிற்று. அவ்வாறு தேடிவருவோரை ஒவ்வோர் அயலும் மறுக்குமாயின் அவர்கள் எங்கே செல்வது?

ஆயினும், தேவை பெரிதென்பதால் கேளாமலே திட்டமிடலாம் என்பதும் பொருந்தாது. கொட்டியாரக்குடாவின் மறுகரையிலுள்ள சம்பூர் இதற்குச் சான்று. 2006 ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகியது. பின்னர் அதில் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் அவ்வொதுக்கீடு இரத்தான பின்னரே மக்கள் மீளத் தொடங்கினர். அங்கு திட்டமிடப்பட்ட அனல்மின் நிலையமும் 2016 இல் கைவிடப்பட்டது. பொதுநலன் என்ற சொல்லுக்குள் அந்நிலத்துக்குரியோரின் நலன் இடம்பெறாமற் போனமையே அங்கு நிகழ்ந்த தவறு. 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் ஆட்சேபம் தெரிவிக்க வழிசெய்கின்றது. அவசரத் தேவையெனக் கூறி உடனடியாகக் காணியைப் பொறுப்பேற்கவும் அதுவே வழிசெய்கின்றது. அவசரம் அடிக்கடி வருமிடத்து, கேட்டல் என்னும் அறம் வெறுஞ் சடங்காகிவிடும்.

மாடிகளுக்குள் வாழ்வோரின் நிலையும் எண்ணத்தக்கது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், 1950களில் வறியோர்க்கெனக் கட்டப்பட்ட, பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள், 1972 இல் தொடங்கிச் சில ஆண்டுகளுள் முற்றாக இடித்தழிக்கப்பட்டன. பராமரிப்புக்குப் பணமின்மை அதன் வீழ்ச்சிக்கு ஒரு முக்கிய காரணம். கொழும்பிலும் குடிசைவாசிகள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டபோது, முற்றத்தில் தொழில் செய்து பிழைத்தோர் அம்முற்றத்தை இழந்தனர். தூக்கிப் பழுதானால் முதியவள் ஒருத்தி பத்தாம் மாடியிற் சிறைப்படுவாள். கட்டி முடிப்பதோடு கடமை முடிவதில்லை.

ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ என்னும் நூலில், தான் சமூகத்தில் எந்நிலையிற் பிறப்பேன் என்பதை அறியாதவனாக நின்று விதிகளைத் தெரிவு செய்யவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். பரிசீலனை மேசையில் விரிந்துகிடக்கும் வரைபடத்தையும் அவ்வாறே நோக்கலாம். தான் கிணறு உவர்க்கும் வளவின் சொந்தக்காரனா, பத்தாம் மாடியின் முதியவளா, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட தாயா என அறியாத ஒருவர் எத்தகைய திட்டத்துக்கு உடன்படுவார்? கட்டடமே வேண்டாம் எனக் கூறார். கேளாமற் கட்டுக எனவும் கூறார். நீரும் வடிகாலும் முன்னரே உறுதிசெய்யப்பட வேண்டும், பகிர்வு வெளிப்படையாக அமைய வேண்டும், பராமரிப்புக்கு நிலையான ஏற்பாடு வேண்டும் என்றே வற்புறுத்துவார்.

எல்லோரையும் கேட்கப் புகின் எதுவுமே கட்டப்படாது என்பர் சிலர். கேட்கப்படும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். முன்னைய உரிமை அயலவர் ஒவ்வொருவருக்கும் உண்டு. பின்னையது தீங்கு நிறுவப்பட்ட இடத்து மாத்திரமே உண்டு. வேலிக்கு இப்பாலுள்ளோரின் கிணறும், அப்பால் வரவிருப்போரின் கூரையும் ஒரே தராசில் வைக்கப்படும் நாளிலேயே அத்துறைமுக நகரின் வளர்ச்சி அறத்தோடு பொருந்தியதாகும்.