செய்தலும் செய்வித்தலும் உடன்படுதலும்

மோட்டார் என்றவுடன் கோவை நகரம் நினைவுக்கு வருவது இயல்பே. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இங்கே மின்மோட்டாரைச் செய்து காட்டினர். அதன்பின் வளர்ந்த தொழிலே கொங்கு நாட்டுக் கிணற்று நீரை வயலுக்கு ஏற்றியது. இன்று அறிஞர்கள் ஆக்கும் புதிய மோட்டாரோ இரும்பாலானதன்று, புரதத்தாலானது. அதனைக் குறித்து அறநெறியினர் சிந்திக்க வேண்டிய வினா ஒன்று உண்டு.

நம் உயிரணுக்களில் இத்தகைய மோட்டார்கள் இயற்கையாகவே இயங்குகின்றன. தசையைச் சுருக்குவது மயோசின். நரம்பினுள் சுமை கொண்டு செல்வது கைனசின். இது நுண்குழல் என்னும் தடத்தின்மீது ஓரடிக்கு 8 நானோமீட்டராக நடக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செவ் பிரையண்ட் குழுவினர், ஓட்ஸ் பயிரின் ஒளியுணர் புரதப் பகுதியை இம்மோட்டார்களில் பொருத்தினர். நீல ஒளி பட்டால் அவற்றின் வேகம் மாறும். சிலவற்றின் திசையும் மாறும். இச்செய்தி 2014இல் வெளியாயிற்று.

இயங்குவதனால் இப்புரதம் உயிராகுமோ? ஆகாது. உயிரின் இலக்கணம் அசைவன்று, உணர்வே என்பது நம் ஆசாரியர் துணிபு. உணர்வற்ற புரதம் புத்கலமே. எனவே அதனை ஓட்டுவதிலும் நிறுத்துவதிலும் இம்சை இல்லை. கொங்குவேளிரின் பெருங்கதைத் தலைவன் உதயணன் எந்திர யானையால் வஞ்சிக்கப்பட்டுச் சிறைப்பட்டான். பழி யானைக்கன்று; அதனை ஏவிய பிரச்சோதனனுக்கே.

ஆகவே வினா வேறிடத்தில் உள்ளது. இப்புரதம் எவ்வுயிரிடமிருந்து பெறப்பட்டது?

1985இல் கைனசின் கண்டறியப்பட்டது கணவாயின் நரம்பிழையைக் கொண்டு. மயோசினை முயலின் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்றோ, உரிய மரபணுவை நுண்ணுயிரில் புகுத்திக் கைனசினைப் பெற முடிகிறது. நுண்ணுயிரும் உயிரே, ஐயமில்லை. எனினும் இயங்குயிரைக் கொல்லாமை, நிலையுயிர்க்குத் தேவைக்கு மேல் ஊறு செய்யாமை என்று இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதத்தின் வழியில் இது ஒரு முன்னேற்றமேயாகும்.

ஆனால் மோட்டார் மாறியும் தடம் மாறவில்லை. பல ஆய்வுக்கூடங்களில் நுண்குழற் புரதம் இன்றும் பன்றி, மாடு முதலியவற்றின் மூளையிலிருந்தே எடுக்கப்படுகிறது. “இறைச்சிக்காக முன்பே கொல்லப்பட்டவை, வீணாவதைப் பயன்படுத்தினால் என்ன குற்றம்?” என்பர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆய்வாளர் கத்தி எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவுமில்லை. ஆயினும் நம் அறம் செய்தல், செய்வித்தல் என்னும் இரண்டோடு நிற்கவில்லை. உடன்படுதலையும் மூன்றாவதாக எண்ணிற்று. கொலையின் விளைவை எதிர்பார்த்துப் பாத்திரம் ஏந்தி நிற்பது உடன்படுதலே.

வேறு வழி இல்லையெனின் தயங்கலாம், வழி உண்டு. வளர்க்கப்பட்ட பூச்சி உயிரணுக்களில் இப்புரதத்தை ஆக்கும் முறை வந்துள்ளது. செலவும் உழைப்பும் மிகுதி என்பதே தடை. கொல்லாமை என்றும் செலவின்றிக் கிடைத்ததில்லை. இரவுணவை விடுத்தோரும் கிழங்கை விலக்கினோரும் தம் வசதியையே விலையாகக் கொடுத்தனர்.

அறிவியலைப் பழித்தல் நம் நோக்கமன்று. உயிரியல் பயிலும் நம் பிள்ளைகள் அதில் தேர்ச்சி பெறவே வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதக் குப்பியைக் கையில் வாங்கும்போது, “இது எதிலிருந்து வந்தது? வேறு வகையில் கிடைக்குமா?” என்று அவர்கள் ஆசிரியரைக் கேட்கட்டும். கேட்பவர் பெருகினால் செலவு மிகுந்த முறையும் நாளடைவில் எளிதாகும்.