படிக்க இயலாத எழுத்து

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. கேரளச் சுவரோவிய மரபில் தெய்வத்தின் நிறம், ஆயுதம், முத்திரை ஆகியவற்றைத் தியான சுலோகங்கள் வரையறுக்கின்றன. ஓவியன் தன் விருப்பப்படி அவற்றை மாற்றுவதில்லை. அப்படியானால், உருவத்தையே துறந்த நவீன ஓவியத்தை ஆன்மிகம் என்பது எந்த அடிப்படையில்?

கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் சென்னையை அடுத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்கள், எண்கள், மலையாள லிபியை ஒத்த எழுத்துகள் நிறைந்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் புகுந்தால் பெரும்பாலும் பொருள் தேறாது.

யந்திரத்தின் கோடுகளை விதிமாற்றி வரைய எவருக்கும் உரிமையில்லை. பணிக்கரின் கட்டங்களுக்கோ அத்தகைய விதியே இல்லை. ஆகவே அவற்றை யந்திரம் என்று போற்றுவது மிகை. (கண்காட்சிகளில் இச்சொல் மலிவாகவே புழங்குகிறது.) புனிதக் குறிகளை வெறும் அலங்காரமாக்கினார் என்பதும் பொருந்தாது. பொருளைப் பற்றிக்கொள்ள விரையும் மனம் அவ்வெழுத்துகளின் முன் பற்றுக்கோடின்றிச் சற்றே நிற்கிறது. கோடும் நிறமும் மட்டும் எஞ்சுகின்றன. அந்த ஒரு கணத்தை ஓவியம் தருகிறது. ஓவியரின் அகநிலைக்கு அது சான்றாகாது. தியான சுலோகத்தை வழுவாது தீட்டியவனிடமும் அச்சான்றை எவரும் கேட்டதில்லையே!