பந்தியில் உயரும் செல்போன்

மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறினால், நெய்வேலியைத் தாண்டிக் கடலூர் சாலையிலேயே வடலூர் வந்துவிடும். தைப்பூசத்தன்று சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களும் சுற்றுக் கிராமத்தாரும் ஜோதி தரிசனத்துக்குப் போகும் வழி அது. ஊரை நெருங்க நெருங்க அன்னதானப் பந்தல்கள். சாதம் இலையில் விழும் நேரத்தில் பக்கத்தில் ஒரு செல்போன் உயர்கிறது. கொடுப்பவர் முகமும் வாங்குபவர் முகமும் ஒரே படத்தில் விழுகின்றன. சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிடும்.

வாங்கியவரை யாரும் கேட்கவில்லை.

வேறு இடமென்றால் நாகரிகக் குறைவு என்று கடந்துபோகலாம். வடலூரில் அது சமயக் கேள்வி. 1867 மே 23 அன்று வள்ளலார் இங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவரின் ஊர், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறிட வேண்டும் என்பது ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் அவர் வகுத்த நெறி. விசாரிக்காமல் இருப்பது கொடுப்பவரின் பெருந்தன்மை மட்டுமல்ல, உண்பவருக்குக் கிடைக்கும் காப்பும்கூட. வேலை போனவரும், வீட்டைவிட்டு வந்தவரும், நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்டவரும் அந்தப் பந்தியில் தலைகுனியாமல் உட்காரலாம். வாய்விட்டுக் கேட்காத விவரத்தை ஒரே படம் உறவுக்கும் ஊருக்கும் சொல்லிவிடுகிறது.

ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் நுட்பமாகப் போகிறார். கேட்டு வந்தவரின் முகம் மலர்வதைக் காணும்வரை, கேட்கப்படும் நிலைகூட இனியதல்ல என்கிறார். கொடுப்பவர் அந்த முகத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மலர்ச்சி அவர்கள் இருவருக்கும் உரியது. மூன்றாம் மனிதருக்கு அனுப்பிவைக்க அல்ல.

“கேட்டுத்தான் எடுத்தோம்” என்று சிலர் சொல்லக்கூடும். கரண்டி ஒருவர் கையிலும் வெறும் இலை மற்றவர் முன்னும் இருக்கும்போது கேட்பது கேள்வியே அல்ல. மறுத்தால் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம் அங்கே இருக்கிறது. பசித்தவரின் தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

பசியைப் படமெடுக்கவே கூடாதா? 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாகிவிட்ட மக்களைக் கேமரா முன் வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அன்றைய ஆட்சியின் கொடுமைக்கு இன்று அவையே சாட்சி. அதே மனிதர் பின்னர் பர்மாவின் மண்டலேயில், சுட்டுக்கொல்லப்படும் கைதிகளைப் படமெடுக்கப்போய்க் கடும் கண்டனத்துக்கு ஆளானார். ஆட்சியைக் கூண்டில் ஏற்றும் படத்துக்குத் தேவை உண்டு. அங்கேயும் எதிரே இருப்பவர் மனிதர் என்ற நினைப்பு வேண்டும். அன்னதானப் படம் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. அது கொடுத்தவருக்கு நற்பெயர் சேர்க்கிறது.

தனிமனிதரின் அந்தரங்கம் பற்றிய முக்கியத் தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது. கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான அந்த வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடக் கோரும் உரிமையை ஏற்றது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருவறையின் புனிதம் இப்படிக் காக்கப்படுகிறது. உயிர்களின் பசி தீர்ப்பதையே வழிபாடாக வைத்த மரபில், பந்தியும் அந்த மரியாதைக்கு உரியது.

வள்ளலாரைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து வந்த புகைப்படக்காரர் பலமுறை முயன்றும் வெள்ளாடை மட்டுமே பதிந்தது என்று அன்பர்கள் சொல்வதுண்டு. சத்திய ஞான சபையிலோ ஏழு திரைகள் விலகிய பிறகுதான் ஜோதி தெரியும். இறைவன் தன்னைக் காட்டும்வரை காத்திருக்கப் பழகிய கூட்டம்தான் அங்கே கூடுகிறது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கு மனிதருக்கும் உண்டு.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பந்தல் போடுகிறவர்கள் அடுப்பையும், கொதிக்கும் அண்டாவையும், விடிய விடியக் காய் நறுக்கிய தங்கள் ஆட்களையும் எவ்வளவு வேண்டுமானாலும் படமெடுக்கட்டும். சாப்பிட வந்தவரின் படம் வேண்டுமென்றால், அவர் கைகழுவி எழுந்த பிறகு, மறுத்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில், “ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்கட்டும்.