ஆய்வேட்டின் கடன்

திருப்பிச் செலுத்த வேண்டிய பொருளையும் செய்தே தீர வேண்டிய கடமையையும் தமிழ் ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பொதுப் பதவியில் இருப்பவர் மக்களுக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர் என்னும் கருத்து அச்சொல்லின் இரு பொருள்களிலும் கால் ஊன்றி நிற்கிறது. அக்கருத்தைத் தமிழ்நாட்டு எழுத்து பெரும்பாலும் ‘பொறுப்புடைமை’ என்றும், இலங்கைத் தமிழ் ‘பொறுப்புக்கூறல்’ என்றும் வழங்குகின்றன. இவற்றுள் இலங்கை வழக்கே கூர்மையானது. பொறுப்பை உடையவராக ஒருவர் தனித்தே இருந்துவிடலாம், கூறுவதற்கோ எதிரில் கேட்பவர் ஒருவர் வேண்டும். பொதுப் பொறுப்புக்கூறலை ஆராயும் மாணவரின் ஆய்வேட்டுக்குப் பரிசு வழங்கப்படும்போது எழும் மெய்யியல் சிக்கலும் இந்தக் கேட்பவரைப் பற்றியதே: பிறரிடம் கணக்குக் கேட்கும் அறிவு, தன் கணக்கை யாரிடம் ஒப்புவிக்க வேண்டும்?

சமயங்கள் பெரும்பாலும் கேட்பவரை மேலே வைத்தன. காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தர் மனிதரின் நல்வினை தீவினைகளைக் கணக்கெழுதும் ஏட்டை உயிரோடிருப்பவர் எவரும் புரட்டிப் பார்க்க முடியாது. லூக்கா நற்செய்தியின் உவமையில் வரும் உக்கிராணக்காரன், அதாவது எஜமானின் சொத்தை மேற்பார்ப்பவன், கணக்கை ஒப்புவிக்க வேண்டியது எஜமானிடமே. அவன் சொல்லால் குறையும் கடன்களைச் சுமப்பவர்கள் அந்தக் கணக்கைக் கேட்கும் இடத்தில் இல்லை.

ஆனால் அதே காஞ்சிக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் கேட்பவரைத் தரைக்கு இறக்கிக் கொண்டுவந்தன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த அந்தச் சபை, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் தேர்வுக்கே தகுதியற்றவர் ஆக்கியது. வேதக் கல்வியும் ஓரளவு நிலமும் உடைய பிராமண ஆடவரின் சபையாக அது இருந்ததால், அதை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று மேடையில் கொண்டாடுவது மிகைதான். எனினும் கற்றவர் என்பதற்காக எவருக்கும் கணக்கிலிருந்து விலக்கு இல்லை என்பதும், அந்த விதி ஓலையில் முடங்காமல் சபை கூடிய இடத்தின் சுவரிலேயே பொறிக்கப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை.

கல்வியையே கடனாகக் கண்ட மரபும் உண்டு. பிறக்கும்போதே பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்றும், அவற்றுள் முனிவர்க்குரிய கடனைக் கற்றலால் தீர்க்கிறான் என்றும் தைத்திரீய சம்ஹிதை கருதுகிறது. இந்த நோக்கில், ஆய்வுக்குப் பரிசு தருவது கடன் தீர்த்தவருக்கே பணம் கொடுக்கும் முரணாகத் தோன்றலாம். உழைப்பையும் துணிவையும் சமூகம் மதித்ததன் அடையாளமாகப் பரிசைக் கொண்டால் அம்முரண் தளர்கிறது. ஆயினும் கடன் யாருக்கு உரியது என்பது தீரவில்லை, ஏனெனில் பொறுப்புக்கூறலை ஆராய்பவர் முனிவரிடம் மட்டுமன்றி, தம் வினாப்பட்டியலுக்கு விடை சொன்ன தெருக்காரரிடமும் கடன்பட்டவர்.

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள, தமிழர் பலர் வாழும் ஜோகுபாளையத்தில் இச்சிக்கல் கண்கூடு. சாமுவேல் பால் 1994 இல் நிறுவிய பொது விவகார மையத்தோடு இணைந்து அறியப்படும் ‘குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை’, அதாவது குடிநீர், மின்சாரம் முதலிய சேவைகளைப் பெறுவோரே அவற்றை வழங்கும் அலுவலகங்களுக்கு மதிப்பெண் இடும் முறை, இந்நகரில்தான் பிறந்தது. அம்மதிப்பீடு 1999, 2003 ஆம் ஆண்டுகளில் மீண்டும் நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் ஊரறிய வெளியிடப்பட்டன. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடைபெறாத நகரில், கேள்வி கேட்கும் ஆய்வாளரின் தேவை இன்னும் கூடுகிறது.

அந்த ஆய்வாளரின் ஏடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, முனைவர் பட்டத்துக்கு உரியதாயின் ‘சோத்கங்கா’ என்னும் தேசிய மின்களஞ்சியத்தில் சேர்கிறது. அங்கே எவரும் அதைத் திறந்து படிக்கலாம் என்பது சிறிய நன்மையன்று. ஆனால் தமிழோ கன்னடமோ மட்டும் படிக்கத் தெரிந்த ஜோகுபாளையத்துக் குடும்பத்துக்கு அது, 1991 முதல் 2009 வரை 18 ஆண்டுகள் அல்சூர் ஏரிக்கரையில் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையைப் போன்றதே. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் 4 ஆம் பிரிவில், அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிடும் தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அலுவலகம் இதைச் செய்கிறதா என்று அளந்து பார்க்கும் ஏட்டிடம் அதே அளவுகோலை நீட்டுவது பரிசுக் குழுவின் வேலை. தகவல் தந்த தெருவின் மொழியில் சில பக்கச் சுருக்கம் எழுதி, அதை அத்தெருவாரிடம் படித்துக் காட்டி, அவர்கள் மறுத்த இடங்களையும் சேர்த்து ஒப்படைத்த பிறகே ஏடு பரிசுக்குத் தகுதி பெறும் என்று விதித்தால், உத்திரமேரூர்ச் சபை தன் உறுப்பினரிடம் கேட்டதைவிட அதிகமாக எதையும் அது கேட்டுவிடாது.