உடைமையும் உரிமையும்

விலை கொடுத்து வாங்கிய பொருளை ஒருவர் எவ்வளவு தூரம் மாற்றலாம்? சட்டத்தைக் கேட்டால் விடை எளிது. வாங்கியவர் உடைக்கவும் செய்யலாம், உருக்கவும் செய்யலாம். மனச்சான்றைக் கேட்டால் அவ்வளவு எளிதாக விடை வருவதில்லை. தம் உழைப்பையும் கற்பனையையும் அப்பொருளில் இட்டுச் சென்றவர்கள் ஒருபுறம் இருக்கிறார்கள். நமக்குப் பின் அதைக் கையில் ஏந்தப்போகிறவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் இடையில் நிற்கும் நமக்கு உரிமை மட்டுந்தான் உண்டா, கடமையும் உண்டா?

இவ்வினாவை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வாசகர்க்குச் சற்று வியப்பளிக்கலாம். அது இத்தாலி நாட்டில் பிறந்த ஒரு விரைவுக் கார். அலுவலகத்துக்குப் பேருந்தில் சென்று வரும் நமக்கு அதை வாங்கும் வசதியில்லை. தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் கிட்டியதில்லை. ஆயினும் எட்டாத பொருளைப் பற்றி ஆசை கலவாமல் சிந்திக்க முடிகிறது. அதுவும் ஒரு நன்மையே.

காரின் பெயர் டீனோ 246 ஜி.டி. 1969 முதல் 1974 வரை ஃபெராரி நிறுவனம் இதனை உருவாக்கியது. பெயரிலுள்ள எண், 2.4 லிட்டர் கொள்ளளவையும் 6 சிலிண்டர்களையும் குறிப்பது. வடிவம் தந்தது பினின்ஃபரீனா நிறுவனம். தகட்டு உடலைச் செய்தது ஸ்காலியெட்டி பட்டறை. பெரும்பாலான கார்களில் என்ஜின் முன்புறம் இருக்கும். இதிலோ அது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், குறுக்குவாட்டில் வைக்கப்பட்டது. இதனால் விளையும் பயனை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். நீட்டிய கைகளில் நீர்க்குடத்தை ஏந்தித் திரும்பினால் குடம் ஆளை இழுக்கும். இடுப்போடு அணைத்த குடம் ஆளோடு சேர்ந்து திரும்பும். பாரம் நடுவில் இருப்பதால் வளைவுகளில் அக்கார் அவ்வாறே திரும்புகிறது. அதற்குரிய விலையும் உண்டு. என்ஜினின் வெப்பமும் இரைச்சலும் செவியருகே இருக்கும். குளிர்விக்கும் நீர், பின்னிருந்து முன்புறத்து ரேடியேட்டர் வரை சென்று மீள வேண்டும். பழுது பார்ப்பவரின் கை எளிதில் நுழையாத இடங்களும் பல.

பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. நிறுவனத்தைத் தோற்றுவித்த என்ஸோ ஃபெராரியின் மகன் ஆல்ஃபிரடோ, செல்லப்பெயர் டீனோ. 1956-ஆம் ஆண்டு, தம் 24-ஆம் வயதில் அவர் நோயுற்று மறைந்தார். அவர் பெயரைத் தாங்கி வந்த இக்காரில் தொழிற்சாலை ஃபெராரி என்னும் பெயரையோ, புகழ் பெற்ற குதிரைச் சின்னத்தையோ பொறிக்கவில்லை. மஞ்சள் நிறத் தகட்டில் நீல எழுத்தில் ‘டீனோ’ என்று மட்டுமே இருந்தது. பன்னிரண்டு சிலிண்டர் கார்களினின்றும் இதைப் பிரித்துக் காட்டும் வாணிக நோக்கம் அதில் இருந்தது. ஒரு தந்தையின் நினைவும் இருந்தது.

இத்தகைய காரை உடையவர்கள் செய்யும் மாற்றங்களை நாம் மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தேவையால் வருவது. பழைய பற்றவைப்பு முறையை நீக்கி மின்னணு முறையைப் பொருத்துகிறார்கள். வலிவுள்ள விசிறிகளை இணைக்கிறார்கள். குழாய்களைப் புதுப்பொருளால் மாற்றுகிறார்கள். இவற்றைக் குறை கூறுவார் அரியர். சிலர் எதையும் தொடாமல் காரைப் பூட்டிய அறையில் பேணுகிறார்கள். ஆனால் ஓடாத காரில் ரப்பர் இறுகும், பெட்ரோல் பிசினாகும், எண்ணெய்க் காப்புகள் உலரும். ஓடுவதற்கென்று பிறந்த பொருளை ஓடவிடாமல் வைப்பதும் ஒருவகை மாற்றமே. ஆகவே, மாற்றாமை என்பது தானாகவே அறமாகிவிடாது.

இரண்டாவது, விருப்பத்தால் வருவது. அகன்ற சக்கரங்களை மாட்டி, அவற்றுக்கு இடம் தரச் சக்கர வளைவுகளை விரிக்கிறார்கள். ஆறு சிலிண்டர் என்ஜினையே எடுத்துவிட்டு, பிற்கால ஃபெராரியின் எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தியவர்களும் உண்டு. இது தவறா? ஆக்கியவர்களே தங்கள் படைப்பை மாற்றாமல் இருக்கவில்லை. 1968-இல் வந்த முதல் டீனோவாகிய 206 ஜி.டி., 1,987 கன செ.மீ. கொள்ளளவும் அலுமினிய உடலும் கொண்டது. அடுத்த ஆண்டே 246-இல் கொள்ளளவு 2,419 ஆயிற்று. உடலும் பெரும்பாலும் எஃகாயிற்று. மாற்றம் அவர்களுக்குப் பாவமன்று எனில் உடையவருக்கு மட்டும் எவ்வாறு பாவமாகும்?

இவ்வாதத்தில் ஒரு குறை உண்டு. ஆக்கியவரிடம் வரைபடமும் அச்சும் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று செய்திருப்பார். உடையவரிடம் இருப்பது ஒன்றே. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. வெட்டிய தகடு மீண்டும் பழைய தகடாகாது. ஆகவே ஓர் அளவுகோல் கிடைக்கிறது: செய்த மாற்றத்தை அடுத்தவர் விரும்பினால் மீட்க இயலுமா? கழற்றிய என்ஜின் துணி சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளதா, பழைய இரும்புக்குப் போய்விட்டதா? முன்னது கடன் வாங்கியவரின் செயல். பின்னது செலவழித்துவிட்டவரின் செயல்.

மாற்றிக்கொண்டே போனால் பொருள் அப்பொருளாகவே இருக்குமா என்பது கிரேக்கர் காலத்து ஐயம். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள்; முடிவில் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதினார். பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று பிற்காலத்தில் ஹாப்ஸ் கேட்டார். இவ்வினா வாகன உலகில் நீதிமன்றமே ஏறியது. லெ மான் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய ஈராண்டும் வென்ற பென்ட்லி கார் ஒன்றைப் பற்றி 1990-இல் லண்டனில் வழக்கு நடந்தது. பழைய உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. எனினும் அதன் வரலாறு இடையறாது தொடர்ந்து வந்தமையால் அது அக்காரே என்று தீர்ப்பாயிற்று. உறுப்புகளைவிட வரலாறே பொருளின் அடையாளம் என்னும் கருத்து இதில் அடங்கியிருக்கிறது. அவ்வாறாயின், வரலாற்றைத் திரிப்பதே பெருங்குற்றமாகும்.

இங்குதான் மூன்றாம் வகை மாற்றம் வருகிறது. டீனோ கார்கள் பலவற்றில் பிற்காலத்தில் ஃபெராரி என்னும் பெயரையும் குதிரைச் சின்னத்தையும் ஒட்டினார்கள். செலவு சிறிது; தகடு வெட்டப்படவில்லை; நினைத்தால் சிறு பொழுதில் கழற்றிவிடலாம். நம் அளவுகோலின்படி இது குற்றமற்ற மாற்றம். ஆயினும் என்ஜினை மாற்றியதைவிட இதுவே நம் நெஞ்சை அதிகம் உறுத்துகிறது. பிறர் மெச்சுவதற்காக மறைந்த மகனின் பெயரை ஒதுக்கிவிட்டு வீட்டுப் பெயரை ஏற்றியதாகத் தோன்றுகிறது. பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளைக் குடத்துக்கு ஓட்டை அடைப்போம், ஈயம் பூசுவோம்; பெயரை அரம் கொண்டு அராவ நமக்குக் கை வருமா? ஆகவே மீட்க இயலுமா என்னும் கேள்வியோடு, உண்மை சொல்கிறதா என்னும் கேள்வியும் சேர வேண்டும்.

பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று உண்டு. அது உறுதி செய்த சாசனம், இத்தாலியின் கார்த் தொழில் தழைத்த டூரின் நகரின் பெயரையே பெற்றது. புதிதாகச் சேர்க்கும் உறுப்புகளில் கண்ணை உறுத்தாத, அழியாத குறி இருக்க வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. இதைப் படித்தபோது எமக்கு அலுவலகப் பணிப்பதிவேடு நினைவுக்கு வந்தது. அதில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். திருத்தம் குற்றமன்று, திருத்தியதை மறைப்பதே குற்றம்.

இவ்வறம் எமக்கும் ஒருமுறை சோதனையாக வந்தது. எம் தந்தையார் விட்டுச்சென்றது ஒரு ஸ்கூட்டர். மிலானில் பிறந்த லாம்ப்ரெட்டாவின் வழியில் நம் நாட்டில் செய்யப்பட்டது. முப்பது ஆண்டுகள் உழைத்தபின் அதன் என்ஜினை மாற்றினோம். இடநெருக்கடியால் அதை விற்க முற்பட்டபோது, பழம்பொருள் சேர்க்கும் அன்பர் ஒருவர் வந்தார். ‘என்ஜின் பழையதுதானே?’ என்று கேட்டார். ஆம் என்றால் கூடுதல் தொகை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அப்போது கண்முன் நின்றது. ஒரு கணம் நாம் பேசாதிருந்தோம். அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்குகிறோம். பிறகு மாற்றியதைச் சொல்லி, பட்டறைச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தோம். அவர் விலையைக் குறைத்தார்; சீட்டை மட்டும் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உடைமை என்பது ஒரு பொருளின் நீண்ட ஆயுளில் நமக்கு வாய்த்த சில ஆண்டுகளே. அவ்வாண்டுகளில் அதை ஓட்டலாம், செப்பனிடலாம், நம் மனத்துக்கேற்ப மாற்றவும் செய்யலாம். மாற்றும்போது பழையதை எறியாமல் வைப்பதும், கைமாற்றும்போது செய்ததை மறையாமல் சொல்வதும் நம் கடமை. கோடிப் பெறுமான இத்தாலியக் காருக்கும் நாலாயிரத்துக்கு விலைபோன ஸ்கூட்டருக்கும் இவ்வறம் ஒன்றே.